பல்லடம் டு சிங்கப்பூர்: நாலரை மணி நேரமா, ஏழு மணி நேரமா?

"நைட்டு பத்து மணிக்கு ஏறுனா விடியக்காலம் அஞ்சு மணிக்குத்தான் இறங்கறதா போட்டிருக்குதுங்க. ஏழு மணி நேரமாங்க தம்பி?"

பல்லடத்தில் டிக்கெட் பிரின்ட் எடுக்கும் கடை ஒன்றில் ஒரு அம்மா கேட்டார். மகன் முதல் முறையாக சிங்கப்பூர் வேலைக்குப் போகிறாராம். "நாலரை மணி நேரந்தானுங்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டுமே சரிதான்!

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் சுமார் 3,160 கிலோமீட்டர். டெல்லி கூட சுமார் 1,950 கிலோமீட்டர்தான். முன்பு சில்க் ஏர் பறந்த இந்தத் தடத்தில் இப்போது ஸ்கூட் பறக்கிறது. ஓடுதளத்தில் நகர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து நாலே கால், நாலரை மணி நேரம் ஆகும்.

மீதி இரண்டரை மணி நேரம் கடிகாரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால்தான் போகும்போது 'ஏழு மணி நேரம்'. திரும்பும்போது அங்கே மாலை 7 மணிக்குக் கிளம்பினால் இங்கே இரவு 9 மணி. டிக்கெட்டில் பார்த்தால் இரண்டே மணி நேரம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 27 தீர்க்கரேகை. ஒரு ரேகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியக் கணக்கில் வித்தியாசம் 1 மணி 48 நிமிடம்தான். 1981 வரை கடிகார வித்தியாசமும் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் மலேசியா நாடு முழுமைக்கும் ஒரே நேரம் என்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. 'இங்க ஏழு மணிக்குத்தான் விடியுதும்மா' என்று அங்கிருந்து பிள்ளைகள் சொல்வது சோம்பேறித்தனம் அல்ல.

காற்றுக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று அடிக்கும். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி.கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, வரும் விமானத்துக்குத் துணை.

வீட்டுக் கணக்கு வேறு. பல்லடத்திலிருந்து காரணம்பேட்டை, சூலூர் வழியாகப் பீளமேடு போக ஒரு மணி நேரம் வையுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருப்பது நல்லது. ஆக, பத்து மணி விமானத்துக்கு மாலை ஆறு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

நள்ளிரவு டிக்கெட் என்றால் இன்னும் கவனம். '15ம் தேதி 00.40' என்று இருந்தால், 14ம் தேதி ராத்திரியே கிளம்ப வேண்டும். 15ம் தேதி இரவு போய் நின்றால் விமானமும் இருக்காது, டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது.

அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்போ ராத்திரி சீரியல் முடிஞ்சு ஒம்பது மணிக்கு நான் போன் பண்ணுனா?"

"அங்க பதினொன்னரைங்க்கா. ஏழு மணிக்கே பண்ணிருங்க."