தனிப்பாடகரும் எபிரேய மன்றாட்டும்

நாட்டுப்பாடல்களோடு எபிரேயப் பாடல்களையும் சேர்த்து, ஒரே பாடகர் தனித்து நின்று வழங்கும் இசை நிகழ்ச்சி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பலராலும் விரும்பப்பட்டது. காதற்பாட்டும் தாலாட்டும் பாடிய அதே மேடையில், திருமறையின் மொழியில் ஒரு ஜெபத்தையும் பாடுதல் தகுமா? கேட்போர் கைதட்டும்போது அந்த ஜெபம் என்னவாகிறது? வழிபாட்டை நடத்தும் பொறுப்புடையோர் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வினா அன்று இது.

1958 மே 9 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் பால் ரோப்சன் பாடிய நிகழ்ச்சியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கறுப்பினத்தவரான அவர், அடிமையாகப் பிறந்து தப்பியோடிப் பின்பு போதகரான ஒருவரின் மகன். அவருடைய கடவுச்சீட்டை 1950இல் அரசு செல்லாததாக்கிற்று. அன்று மேடையேறியபோதும் அது திருப்பித் தரப்படவில்லை. அடிமைகள் பாடிய தானியேலின் விடுதலைப் பாட்டு, நகைச்சுவை மிக்க ஆங்கில நாட்டுப்பாடல் ஒன்று, உயிர்த்தெழுதலைப் போற்றும் பழைய ஜெர்மானியத் துதிப்பாடல் ஆகியவற்றோடு, பெர்டிச்சேவ் ஊர் ரபீ லேவி ஈசாக்கின் பெயரால் வழங்கும் மன்றாட்டையும் அவர் பாடினார்.

லேவி ஈசாக்கு 18ஆம் நூற்றாண்டின் ஹசிதிய ஆசான். பாடலில் அவர் கடவுளுக்கு எதிரே வழக்காளியாக வந்து நிற்கிறார். உம் மக்களை ஏன் இவ்வாறு வருத்துகிறீர் என்று கேட்கிறார். சிறையிருப்புக்கு முடிவு வரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை என்கிறார். வழக்கு ஓய்ந்தபாடில்லை; ஆயினும் கடவுளின் நாமத்தைப் பரிசுத்தப்படுத்தும் காதிஷ் துதியிலேயே பாட்டு முடிகிறது. (வழக்காடும் பகுதி இத்திஷ் மொழி, காதிஷ் பெரும்பாலும் அரமேயம். ஆகவே இதனை எபிரேயப் பாடல் என்பது தளர்ந்த வழக்கே.) எரேமியா 12ஆம் அதிகாரத்தைப் படித்தோருக்கு இக்குரல் புதிதன்று. மக்கள் அனைவருக்காகவும் ஒருவர் தனித்து நின்று பேசும் பாட்டாகையால், இதைப் பாடற்குழுவினர் சேர்ந்து பாடினால் வலுவிழக்கும். தனிப்பாடகர் நிகழ்ச்சி என்னும் அமைப்பே இங்குப் பொருளுக்குத் துணைநிற்கிறது.

உலக நாட்டுப்பாடல்கள் யாவற்றுக்கும் ஐந்து சுரங்களே பொது அடித்தளம் என்று ரோப்சன் கருதினார். இதனை ஏற்பது கடினம். ஹசிதியரின் சொற்களற்ற மெட்டொன்றிலிருந்து இதெல்சோன் என்னும் யூத இசையறிஞர் உருவாக்கிய 'ஹவா நகிலா'வில் பெரும்பகுதி நம் வகுளாபரணத்தின் ஏழு சுரங்களை ஒத்தது. அடிமையின் பேரன்மார்க்கும் யூதருக்கும் உள்ள உறவு சுரத்தைவிட, யாத்திராகமத்தைத் தம் சொந்த வரலாறாக வாசித்ததில்தான் இருக்கிறது.

பக்தியுள்ள யூதர் பலர், ஜெப வாசகங்களை ஒத்திகையிலோ மேடையிலோ பாடும்போது 'அதோனாய்' என்று உச்சரிப்பதில்லை. 'அந்த நாமம்' எனப் பொருள்படும் 'ஹஷேம்' என்றோ, ஓர் எழுத்தை மாற்றியோ பாடுவர். தாம் நிற்கும் இடம் ஜெப ஆலயம் அன்று என்பதை அந்த ஒரே சொல் காட்டிவிடுகிறது. கிறிஸ்தவப் பாடகருக்கு இவ்விதி இல்லை. ஆகையால் அவர் பாடல்களின் வரிசையைக் கொண்டே அவ்வேறுபாட்டைக் காக்கவேண்டும். சபை மண்டபத்தில் இத்தகைய நிகழ்ச்சிக்கு இடம் கேட்போரிடம், எப்பாட்டுக்குப் பின் எப்பாட்டு என்று போதகர் முன்னதாகவே விசாரிக்கலாம். நகைச்சுவைப் பாட்டின் சிரிப்பு அடங்குமுன் காதிஷ் தொடங்கிவிடலாகாது.