மோட்டார் வண்டிக்கு அம்மை வார்த்தால்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உத்தியோகம் பார்க்கும் குடும்பஸ்தர் ஒருவர், ஐந்து வருஷத் தவணைக்குக் கடன்பட்டுக் கறுப்பு வர்ண மோட்டார் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தைத் தாராளமாய் வாரி இறைத்து வண்டிக்கு மங்கள ஸ்நானம் செய்விக்கிறார். பிறகு சாப்பிடப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால், பளபளவென்றிருந்த மேனியெங்கும் வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள்! வண்டிக்கு அம்மை வார்த்துவிட்டது.

இதை அழுக்கு என்று எண்ணி மறுபடியும் அதே ஜலத்தை விட்டுக் கழுவுகிறவர்கள் உண்டு. அம்மை இரட்டிப்பாகுமே தவிரத் தணியாது. வெந்நீர்த் தவலையின் அடியில் காரைபோல் வெள்ளையாகப் படிவதைப் பெண்மணிகள் அறிவார்கள். அதே சரக்குத்தான் இதுவும். ஜலம் ஆவியாய்ப் போய்விடுகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீஷியமும் போக வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. துளியின் விளிம்பு முதலில் காய்வதால் சரக்கெல்லாம் ஓரத்துக்கு ஓடி வளையமாகிறது.

அந்தப் பிரதேசத்து ஜலத்தின் கதையே தனி. ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் படுகையிலிருந்து வயலுக்கும் சென்னைப் பட்டணத்துக்குமாகப் பல்லாண்டு இறைத்ததில், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்துக்கடியில் கடலே உள்ளே புகுந்துவிட்டது. 2010-ஆம் ஆண்டில் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் ஏற்பட்டது. கிணற்றில் கடலும், கடலிலிருந்து குடிநீருமாக ஆன விசித்திரத்தை என்னென்பது! ஆனால் உப்புக் கறை கழுவினால் போய்விடும். பிடிவாதக்காரன் சுண்ணாம்புதான்.

சுண்ணாம்புக்குப் புளிப்பு சத்துரு. வெள்ளை வினிகரில் சமபங்கு நல்ல ஜலம் கலந்து, மெல்லிய துணியை நனைத்துக் கறைமேல் இரண்டொரு நிமிஷம் போர்த்தி வைத்து, பிறகு கழுவித் துடைத்தால் புதிய கறை கரைந்து போகும். நிழலில், தகடு சூடில்லாதபோது செய்ய வேண்டும். பித்தளைப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டு யாரும் புளியைக் கையில் எடுத்துவிட வேண்டாம்; அதன் நாரும் மண்ணும் கோடு கோடாய்க் கிழித்துவிடும்.

வினிகருக்கும் அசையாமல், பக்கவாட்டில் பார்த்தால் பள்ளமாய்த் தெரிகிற கறை வேறு ஜாதி. பல நாள் வெயிலில் காய்ந்து வார்னிஷையே அரித்துவிட்ட தழும்பு அது. இக்காலத்து வண்டிகளில் நிறத்தின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசுகிறார்கள். அதன் கனம் சாதாரணமாக 40, 50 மைக்ரான். தலைமயிரைக் காட்டிலும் மெல்லியது. 'பாலிஷ்' போடுவது என்றால், பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்குவது என்றே அர்த்தம். ஒரு முறை, இரு முறை தாங்கும். ஆண்டுதோறும் தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்தால் வார்னிஷ் எங்கிருந்து வரும்? ஆகையால் முதலில் சோப்பு, பிறகு வினிகர், வேறு வழியில்லாதபோதே பாலிஷ்.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் நிறைந்த ஊர் அல்லவா? காற்றில் வரும் இரும்புத் துகள் வர்ணத்தில் குத்திக்கொண்டு துருப்பிடிக்கும். வெள்ளை வண்டியில் செம்புள்ளிகளாய்த் தெரிவது இதுதான். இதற்கென்றே கடைகளில் விற்கும் திரவம் துருவைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறி ஒழுகும். அதைக் கழுவிவிட வேண்டும். துணியால் அழுத்தித் தேய்த்தால் துகள் அரமாகிவிடும்.

கறை வராமல் தடுக்கும் வித்தை கழுவுவதில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது. வெயில் ஏறுமுன், ஒரு பக்கம் கழுவியவுடன் அந்தப் பக்கத்தை மெத்தென்ற துண்டால் உலர்த்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் ஜலத்தை வீணாக்கக் கூடாதென்று வாளியில் பிடித்து வைத்து வண்டி கழுவுகிற சிக்கனக்காரர்கள் அநேகர். நல்ல ஜலத்திலிருந்து பிரித்தெடுத்த சுண்ணாம்பும் உப்பும் அடர்ந்து கிடப்பது அந்த வாளியில்தான். அதைக் கொண்டு தரையை அலம்பட்டும்.