தங்கம் எடுத்த ஊரில் தண்ணீருக்குத் தவம்

தங்கவயலில் பொழுது விடிவதற்கு முன்பே இரண்டு வரிசைகள் நின்றுவிடுகின்றன. ஒன்று மாரிகுப்பம், உரிகம், சாம்பியன் ரயில் நிலையங்களில் பெங்களூர் வண்டிக்காக. மற்றொன்று தெருக்குழாயடியில்.

கணவன் முதல் வரிசையில், மனைவி இரண்டாவது வரிசையில் என்று பல குடும்பங்கள் சமாளிக்கின்றன. இருவருமே வேலைக்குப் போகும் வீட்டில்தான் சிக்கல். வண்டியைப் பிடித்தால் தண்ணீர் இல்லை; தண்ணீர் பிடித்தால் அன்றையச் சம்பளம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் தயவில் நாலு குடம் நிரம்பினால் உண்டு. இல்லையென்றால் இரவு வீடு திரும்பியதும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

சுரங்கம் ஓடிய நாளில் இந்த அவதி வேறு விதமாக இருந்தது. வேலை ஊருக்குள்ளேயே இருந்தது. ஆண்கள் சங்குச் சத்தம் கேட்டு ஷிப்டுக்குப் போனார்கள். லைன் வீடுகளின் பொதுக்குழாயில் பெண்கள் சண்டை போட்டாலும், தண்ணீர் வரவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு கம்பெனி இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. போனது சம்பளம் மட்டும் அல்ல. குழாய், சாக்கடை, தெருவிளக்கு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்த முதலாளியும் போனார்.

பேத்தமங்கலத்துத் தண்ணீர்

இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் பெரிய ஏரியிலிருந்து. ஏரி ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நீரேற்று நிலையமும் வடிகட்டும் கூடமும் கட்டி, குழாய் வழியாகச் சுரங்கப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாளிக்குத் தாகம் எடுக்குமே என்ற இரக்கம் மட்டும் காரணம் அல்ல. பாறையை இடித்து மாவாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். ஆலைக்குத் தண்ணீர் நின்றால் தங்கம் நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கவயலுக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் பெரும் பகுதியினர் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வறண்டு கிடந்த பாலாற்றங்கரையை விட்டு வந்து, மேலே அதே பாலாற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது. மழை பெய்தால்தான் ஓடும் ஆறு அது. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழியெங்கும் ஏரிகள். மேல் ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் பேத்தமங்கலம் நிரம்பும். ஏரி வற்றிய ஆண்டுகளில் ஊர் போர்வெல்லை நம்புகிறது. மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்தும் ஏமாந்தவர்கள் ஏராளம். அகப்படும் தண்ணீரிலும் பல இடங்களில் புளோரைடு.

காவிரியின் மின்சாரம் வந்தது

மூத்தவர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி ஒன்று: சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1902-ல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. மனம் இருந்தால் அந்தக் காலத்திலேயே காவிரியின் பலத்தை இங்கே கொண்டுவர முடிந்திருக்கிறது. காவிரித் தண்ணீர் மட்டும் வரவில்லை. அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் குழாயில் ஏறி, பெங்களூருக்குப் போகிறது. தங்கவயல் தொழிலாளி காலை வண்டியில் போய், அங்கே கட்டடத்திலோ ஆபீசிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கும் நேரத்தில் காவிரியைக் குடித்துவிட்டு, இரவு காலிக் குடத்திடம் திரும்புகிறான்.

பெங்களூர் குடித்துக் கழித்த தண்ணீர் மட்டும் கோலாருக்கு வருகிறது. கோரமங்கலா - செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து, மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-ல் தொடங்கியது. ஏரியில் நுரை பொங்கியதைக் கண்டு உயர்நீதிமன்றம் அந்த ஆண்டே தடை விதித்தது. பின்பு தடை நீங்கியது. இது குடிப்பதற்கு அல்ல, நிலத்தடி நீரை உயர்த்த என்பது அரசின் விளக்கம். இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாவதும் வேண்டும் என்பது விவசாயிகளின் கோரிக்கை. அது நியாயமாகவே படுகிறது. நிலத்தில் இறங்கியது நாளை போர்வெல்லில் ஏறத்தானே போகிறது!

காலடியில் ஒரு கடல்

சுரங்கம் ஓடியபோது ஊற்றுநீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தார்கள். மூடிய பிறகு பம்புகள் நின்றன. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்தக் குடைவுகள் இன்று தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன. லைன் வீட்டுப் பெண்மணி குடத்தோடு நிற்கும் இடத்துக்கு நேர் கீழேயே தண்ணீர் இருக்கலாம். எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நூறு ஆண்டுக்கு மேல் வெட்டிய குழியில் நின்ற நீரைச் சோதிக்காமல் வாயில் வைக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மேலே சயனைடு மேடுகள். மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான தூசி. காற்றடித்தால் கழுவி வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மறுபடியும் கழுவ இன்னொரு குடம் வேண்டும். இந்த மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. வேலை கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. தூசியிலிருந்து தங்கம் பிரிக்கவும் தண்ணீர் வேண்டும். அது எந்த ஏரியின் தண்ணீர்?

மார்க்கண்டேய ஆற்றில் கட்டிய யரகோள் அணை 2023-ல் திறக்கப்பட்டது. அந்தக் குடிநீர் கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் ஊர்களை நோக்கிக் கட்டிய திட்டம். மாரிகுப்பம் வண்டி பங்காருப்பேட்டை வழியாகத்தான் பெங்களூர் போகிறது. இரண்டு ஊருக்கும் இடையே ரயில் பாதை பதினாறு கிலோமீட்டர்.