முடிச்சுப் போடக் கற்கும் வயது

ஆரணி நேயர்களே, தறியில் இழை அறுந்தால் நொடியில் முடிந்துவிடும் கைகள் உங்களுடையவை. உங்கள் பிள்ளைகளுக்கும் முடிச்சில் தொடங்கும் ஒரு பயிற்சி இருக்கிறது: சாரணர் இயக்கம்.

1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் பிறந்தது இது. நம் நாட்டில் பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக 1950 முதல் இயங்குகிறது. சிறுவர்களுக்குக் குருளையர் பிரிவு. பத்து வயது முதல் சாரணர், சாரணியர் பிரிவு.

இங்கே எல்லாமே செய்து பார்த்துத்தான். ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களில் ஒருவரே தலைவர். கயிறு கட்டுவார்கள், முதலுதவி செய்வார்கள், முகாமில் கூடாரம் போட்டுத் தாங்களே சமைப்பார்கள். சோறு குழைந்தாலும் அது அவர்கள் வடித்த சோறு! தன் அணியை வழிநடத்திப் பழகிய பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் பேசும் கூச்சம் தானாகக் குறையும். மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படிப்படியாகத் தேறுவோருக்கு மாநில ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது வரை வாய்ப்பு உண்டு.

பிள்ளையின் பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேளுங்கள்.