சாயும் சக்கரமும் ஒரு சின்ன போல்ட்டும்

எங்கள் அப்பா வாடகைக்கு டிசையர் கார் ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் அதன் இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பித்தது. வெளிப்பக்கம் பார்த்தால் பட்டன் அப்படியே இருக்கிறது! அந்த டயர் வேகத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சித்தப்பா அலைன்மெண்ட் கடை வைத்திருப்பதால் காரணத்தைப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

காரை முன்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் மைனஸ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பிளஸ் கேம்பர். வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போதும் டயர் தரையில் நன்றாகப் படிய வேண்டும் என்று கொஞ்சம் மைனஸ் வைப்பார்கள். அது அதிகமானால் உள் விளிம்புதான் பாரத்தைச் சுமக்கும்.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு? எங்கள் டயரில் 165/80 ஆர்14 என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் உயரம் சுமார் 62 செ.மீ. டேன் 1° = 0.0175. பெருக்கினால் 1.1 செ.மீ. வருகிறது. (டேன் எதுக்கு உதவும்னு கேட்டவங்க கவனிக்கவும்!) அதனால் கண்ணால் பார்த்தே டிகிரி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

உள்பக்கத் தேய்மானம் எல்லாமே கேம்பரால் வருவதும் இல்லை. டயர் மேல் குறுக்காகக் கையை ஓட்டிப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி தட்டினால் பெரும்பாலும் டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கத் திருப்பம், தப்பாக இருக்கும். வழவழப்பாக ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால் கேம்பர்.

இந்த மாதிரி கார்களில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். அதன் அடிப்பாகம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டில் சேர்கிறது. கேம்பர் போல்ட் என்பது இதில் ஒன்றுக்குப் பதிலாகப் போடுவது. தண்டு கொஞ்சம் ஒல்லி, நடுவில் மையம் விலகிய ஒரு புடைப்பு. திருப்பினால் நக்கிள் சாயும். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. நகர்ந்தாலே கிட்டத்தட்ட 1 டிகிரி! இன்னொன்று கேம்பர் பிளேட். இது ஸ்ட்ரட்டின் தலைப்பக்கம் உட்காரும். நிறையத் திருத்தலாம், ஆனால் பல பிளேட்டுகளில் ரப்பருக்குப் பதில் இரும்பு பேரிங் இருக்கும். ரோட்டின் சத்தம் முழுதும் உள்ளே வரும். ரேஸ் வண்டிக்குச் சரி, சவாரி வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் நழுவும். சித்தப்பா அதைத் தொடவே மாட்டார்.

எங்கள் காருக்கு அளந்தபோது வலது மைனஸ் அரை டிகிரி, இடது மைனஸ் 2. ஏற்கனவே வேறு ஒரு கடையில் "கேம்பர் போல்ட் போட்டா போதும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா, "அண்ணே, அவசரப்படாதீங்க. இவ்ளோ வித்தியாசம் சும்மா வராது" என்றார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்ட்ரட்டின் மேல் நட்டை லேசாகத் தளர்த்தி, நடு ராடைச் சுற்றினார். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வெளியே ஆடியது. ராடு வளைந்திருக்கிறது! பள்ளத்தில் விழுந்த அடி. போல்ட்டைப் போட்டு மானிட்டரில் நம்பரைச் சரியாக்கியிருந்தால், வளைந்த ராடோடு அப்பா நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் இரண்டையும் பார்த்துவிட்டு, முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட்டும் புதிதாகப் போட்டோம். செலவுதான். இப்போது இடது மைனஸ் ஒன்றே கால், வலது அதே அரை. மிச்சம் இருந்த முக்கால் டிகிரிக்குத்தான் போல்ட்.

போல்ட் வாங்கும்போது பழைய போல்ட்டின் தடிமன் பார்த்து அதற்கான கிட்டையே வாங்கணும். மேல் ஓட்டையா கீழ் ஓட்டையா என்று கிட்டில் எழுதியிருக்கும். நட்டும் புதிதுதான். கைபலத்தில் இறுக்காமல் கிட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பானட்டை அழுத்தி விட்டு மறுபடி அளக்க வேண்டும். டோ கடைசியில்தான். முதலில் டோ வைத்துவிட்டுக் கேம்பரைத் தொட்டால், வைத்த டோ மாறிவிடும், கொடுத்த காசும் போச்சு.

– ஒரு மாணவன், 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு