இணையத்தளத்தின் தோற்றத்தைப் பார்வையாளரே மாற்றிக்கொள்ளல்

மாணவர்களே, "ஓர் இணையத்தளத்தின் உள்ளடக்கத்தை மாற்றாது அதன் தோற்றத்தை மாத்திரம் பார்வையாளர் மாற்றிக்கொள்ள வழி செய்வது எவ்வாறு?" என வினவப்பட்டால், ஒவ்வொரு தோற்றத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள் தயாரிக்க வேண்டும் என எழுதத் தோன்றும். இது பொருத்தமான விடையன்று. 20 பக்கங்கள் கொண்ட தளத்துக்கு 3 தோற்றங்கள் வேண்டுமெனில் 60 பக்கங்கள் எழுத வேண்டியிருக்கும். ஒரு தொலைபேசி இலக்கம் மாறினாலும் அதனை 3 இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் தவறினால் அத்தோற்றத்தைத் தெரிந்தவருக்குப் பிழையான தகவலே கிடைக்கும்.

1. அடிப்படைத் தத்துவம்

இணையப்பக்கத்தின் உள்ளடக்கமும் கட்டமைப்பும் எச்.ரி.எம்.எல். கோப்பில் இருக்கும். நிறம், எழுத்தின் அளவு, பகுதிகளின் ஒழுங்கமைப்பு என்பன சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாளில் இருக்கும். ஒரே மாணவன் காலையில் பாடசாலைச் சீருடையும் மாலையில் விளையாட்டு உடையும் அணிவது போன்றது இது. உடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

பாணித்தாள் முறையை 1994 இல் ஹோக்கன் வியும் லீ முன்மொழிந்தார். அவரும் பேர்ட் பொஸ்ஸும் சேர்ந்து உருவாக்கிய முதலாவது நியமம் 1996 டிசெம்பரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக வெளியானது. இம்முறையின் ஆற்றலை விளக்க, 2003 இல் டேவ் ஷே என்பவர் 'சி.எஸ்.எஸ். சென் கார்டன்' என்னும் தளத்தை ஆரம்பித்தார். அங்கு எச்.ரி.எம்.எல். கோப்பு ஒன்றே. வடிவமைப்பாளர்கள் பாணித்தாளையும் அதற்குரிய படங்களையும் மாத்திரம் அமைத்து, அதே பக்கத்தை முற்றிலும் வேறுபட்ட தோற்றங்களில் காட்டினர்.

2. பாணித்தாளின் மூன்று வகைகள்

எச்.ரி.எம்.எல். 4 நியமத்தின்படி, ஒரு பக்கத்துடன் இணைக்கப்படும் பாணித்தாள்கள் மூவகைப்படும்.

(அ) நிலையானது: தலைப்புப் பெயர் இல்லாதது. எத்தோற்றத்தைத் தெரிந்தாலும் இது செயற்படும்.
(ஆ) விருப்புக்குரியது: தலைப்புப் பெயர் உடையது. பக்கம் திறக்கும்போது இயல்பாகவே செயற்படும்.
(இ) மாற்றுப் பாணித்தாள்: தலைப்புப் பெயருடன் 'ஓல்ரனேற்' எனவும் குறிக்கப்பட்டது. பார்வையாளர் தெரிவு செய்தால் மாத்திரமே செயற்படும்.

பயர்பொக்ஸ் மேலோடியின் பட்டியில் இவற்றைத் தெரிவு செய்யலாம். எல்லா மேலோடிகளிலும் இவ்வசதி இல்லை. எனவே பக்கத்திலேயே பொத்தான்களை வைத்து, ஜாவாஸ்கிரிப்ற் மூலம் பாணித்தாளை மாற்றுவதே வழக்கம்.

3. தெரிவை நினைவில் வைத்தல்

பார்வையாளர் அடுத்த பக்கத்துக்குச் சென்றால் தோற்றம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏனெனில் ஒவ்வொரு பக்கமும் புதிதாகவே திறக்கப்படுகின்றது. இதனைத் தவிர்க்கப் பின்வரும் படிமுறை பயன்படும்.

படி 1: பார்வையாளர் பொத்தானை அழுத்துகிறார்.
படி 2: பாணித்தாள் மாற்றப்படுகின்றது.
படி 3: தெரிந்த தோற்றத்தின் பெயர் மேலோடியில் 'குக்கி' எனப்படும் சிறு தரவாகச் சேமிக்கப்படுகின்றது. குக்கிக்குக் காலாவதித் திகதி இடப்படும். இடாவிட்டால் பொதுவாக மேலோடியை மூடும்போது அது அழிந்துவிடும்.
படி 4: அடுத்த பக்கம் திறக்கும்போது சேமித்த பெயர் வாசிக்கப்பட்டு, அதே பாணித்தாள் இணைக்கப்படுகின்றது.

படி 4 ஐ மேலோடியிலுள்ள ஜாவாஸ்கிரிப்ற் செய்யலாம். பக்கத்தை அனுப்பும் சேவையகமும் செய்யலாம். சேவையகம் செய்வதாயின், வந்த பெயர் அனுமதிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் உள்ளதா எனச் சோதித்தல் அவசியம். வந்த பெயரை அப்படியே கோப்பின் பெயராகக் கொண்டால், தீய நோக்குடையோர் வேறு கோப்புகளைத் திறக்க முயலலாம்.

4. இதன் தேவை

இது வெறும் அலங்காரம் அன்று. பார்வை குறைந்த ஒருவர் சாம்பல் நிறச் சிறு எழுத்தில் உள்ள அறிவித்தலை வாசிக்க முடியாது விண்ணப்பத்தின் இறுதித் திகதியைத் தவறவிடக்கூடும். பெரிய எழுத்தும் தெளிவான நிறவேறுபாடும் கொண்ட இரண்டாவது பாணித்தாள் அவருக்கு அதே தகவலைச் சேர்ப்பிக்கும். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டலின் இரண்டாம் நிலையின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 ஆக இருத்தல் வேண்டும். ஆயினும் இயல்பான தோற்றமும் வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். பொத்தானையே காண முடியாதவருக்கு மாற்றுத் தோற்றத்தால் பயனில்லை.

மாதிரி வினா

பார்வையாளர் தெரிந்த தோற்றம் அடுத்த பக்கத்தில் மறைந்துவிடுகின்றது. காரணத்தையும் தீர்வையும் தருக. (4 புள்ளிகள்)

விடை: ஒவ்வொரு பக்கமும் புதிதாகத் திறக்கப்படுவதாலும் (1), தெரிவு எங்கும் சேமிக்கப்படாததாலும் (1) இயல்பான பாணித்தாளே செயற்படுகின்றது. தெரிவைக் குக்கியில் சேமித்து (1), ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது அதனை வாசித்து உரிய பாணித்தாளை இணைத்தல் வேண்டும் (1).

கவனிக்க: "குக்கியைப் பயன்படுத்துதல்" என மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. சேமித்தல், வாசித்தல் ஆகிய இரண்டையும் குறிப்பிடுக.