கண்ணிமை அரிக்கிறதா? காரணம் காலி மனையில் இருக்கலாம், தெரியுமா?

எக்ஸிமா ஒரே நோய் இல்லை, தெரியுமா? கரப்பான் என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பேருக்குள் ஏழெட்டு வகை இருக்கிறது! அதைவிட ஆச்சரியம், உடம்பில் எந்த இடத்தில் அரிக்கிறது என்று சொன்னாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும்! பெங்களூரில் ஓசூர் ரோட்டில் இருக்கிற ஹெப்பகோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை, எங்கு பார்த்தாலும் கட்டட வேலை, அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன், நடுநடுவே காலி மனை. எக்ஸிமாவின் சில வகைகளுக்கு இங்கேயே காரணம் கிடைக்கும்.

காலி மனையில் இருந்தே தொடங்குவோம். இடுப்பளவு உயரம், கேரட் இலை மாதிரி வெட்டுப்பட்ட இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ: அதுதான் பார்த்தீனியம். ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும்! அதன் இலையிலும் தண்டிலும் இருக்கிற நுண்ணிய முடிகளில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து நொறுங்கினால் அந்தத் தூள் காற்றில் பறக்கும். செடியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை; ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமாக நடந்து போனாலே போதும், தோல் அரித்துத் தடிக்கும்!

இதை வெயில் அலர்ஜி என்று நினைத்து வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி இருக்கிறது, தெரியுமா? வெயிலால் வருவது வெயில் படாத இடத்தை விட்டுவிடும். மேல் இமை, தாடைக்கு அடிப்புறம், காதுக்குப் பின்பக்கம் எல்லாம் தப்பித்துவிடும். காற்றில் வரும் தூளுக்கு நிழல் ஏது, வெயில் ஏது? அது அந்த இடங்களிலும் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் தாடைக்குக் கீழே ஒரு முறை பார்த்தாலே விவரம் கிடைக்கும்! இன்னொன்று: பூஜைக்கு வாங்குகிற சாமந்தி பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சாமந்தி மாலை தொடுத்தாலும் கை வெடிக்கும்.

இந்தச் செடியைத் தின்பதற்கென்றே மெக்சிகோவில் இருந்து ஒரு வண்டை வரவழைத்தார்கள். சைகோகிராம்மா என்ற அந்தச் சின்ன வண்டை 1984-இல் முதன்முதலாக வெளியே விட்டது எங்கே தெரியுமா? இதே பெங்களூரில்! பார்த்தீனியத்தை மொட்டையடித்துத் தின்றது. பிறகு சூரியகாந்தி இலையிலும் அதைப் பார்த்துவிட்டு விவசாயிகள் பயந்தார்கள், பெரிய சர்ச்சையே நடந்தது. கடைசியில் சூரியகாந்திக்கு ஆபத்தில்லை என்று நிபுணர்கள் சொன்ன பிறகு வண்டு நாடு முழுக்கப் பரவியது.

சரி, காரணத்தை உறுதி செய்வது எப்படி? பேட்ச் டெஸ்ட்! 1895-இல் யோசஃப் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் தொடங்கியது. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் விடுவார்கள். எந்தப் பொருள் ஒட்டிய இடம் சிவந்து தடிக்கிறதோ, அந்தப் பொருள்தான் குற்றவாளி. இந்தியாவில் பயன்படுத்தும் பட்டியலில் பார்த்தீனியத்துக்கே தனி இடம் உண்டு.

அதே பட்டியலில் குரோமியமும் இருக்கிறது. சிமென்ட் கலக்குகிறவர்களின் கை தடித்து வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து சிமென்ட்டில் கரையும் குரோமியம் 2 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தோல் பதனிடவும் குரோமியம்தான் என்பதால், சிமென்ட்டால் ஒவ்வாமை வந்தவருக்கு ஒரு நாள் தோல் செருப்பாலும் காலில் அரிப்பு வரலாம்! கவரிங் தோடு போட்ட காதில் புண்ணா? நிக்கல். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுக்கிறதா? பசையில் இருக்கும் ரசாயனம்.

நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே அரித்துப் பழுப்பாகும், கவனித்திருக்கிறீர்களா? அங்கே கோளாறு தோலில் தொடங்கவில்லை, ரத்தக்குழாயில்! நாளங்களின் வால்வு தளர்ந்து ரத்தம் தேங்குகிறது. கசியும் சிவப்பணுக்களின் இரும்புதான் அந்தப் பழுப்பு நிறம். விரல் பக்கவாட்டில் ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளம் வந்தால் அது வேறு வகை. புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் உதிர்ந்தால் பொடுகின் அண்ணன்.

வட்டமாக வருகிற எக்ஸிமாவில்தான் பெரிய ஏமாற்றம். அச்சு அசல் படர்தாமரை மாதிரியே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த டியூப் வாங்கிப் பூசுவார்கள். படர்தாமரையாக இருந்தால் அரிப்பு அடங்கி, பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும். நீண்ட நாள் முகத்தில் போட்டால் தோலே மெலிந்துவிடும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்! தோலை மெலிய வைக்காத களிம்பும் இருக்கிறது: டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் 1984-இல் கிடைத்த மருந்து அது! டாக்ரோலிமஸ் மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களில் பயோகானும் ஒன்று; ஹெப்பகோடி மெட்ரோ ஸ்டேஷன் பெயரிலேயே அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் அடோபிக் எக்ஸிமா. கைக்குழந்தையாக இருக்கும்போது கன்னத்தில், வளர்ந்த பிறகு முழங்கை, முழங்கால் மடிப்பில். டயப்பர் போடும் இடத்தை மட்டும் பொதுவாகத் தொடாது, ஏன் தெரியுமா? அங்கே எப்போதும் ஈரம்! தோலின் ஈரத்தைக் காக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஆகவே இது ஒட்டுவாரொட்டி அல்ல, அழுக்காலும் வருவதில்லை. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளத் தயங்கவே வேண்டாம்!

குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தோல் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுவதுதான் முதல் மருந்து. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது! நீர் கசிந்தாலோ மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ மட்டும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.